வாய்ட் மெயின் என்று ஆரம்பித்தால் மூடி வையுங்கள்

ஓசூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் முடித்துவிட்டு மூன்று வருடமாக உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறார், எம்படெட் பக்கம் (மெஷினுக்குள் இருக்கும் சின்னச் சிப்புக்குப் புரோகிராம் எழுதும் வேலை) போக ஆசை. கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்: "அக்கா, காலேஜில் முதல் வருடம் சி படித்தேன், 82 மார்க். இப்போது முறையாக மறுபடி படிக்கலாம் என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. யூடியூபில் மூன்று பிளேலிஸ்ட் பாதி பாதி பார்த்தேன். நாற்பது பிடிஎஃப் இறக்கி வைத்திருக்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன், ஆங்கிலப் புத்தகம் என்றாலே பயம். எந்தப் புத்தகம், எந்த வீடியோ நல்லது? இங்கே ஒரு இன்ஸ்டிடியூட்டில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா?"

தம்பி, அந்த நாற்பது பிடிஎஃபையும் ஒரு ஃபோல்டரில் போட்டு கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அழிக்கச் சொல்லவில்லை, அழிக்க மனசு வராது என்று தெரியும், எனக்கே வராது. புத்தகத்தின் பெயரைச் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் எது மோசமான பாடம் என்று நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்லிவிடுகிறேன். சி மொழியைப் பொறுத்தவரை நம்மூரில் தப்பான பாடம்தான் எங்கும் கிடைக்கிறது, அதையும் அடித்துச் சொல்கிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். முதல் வேலைக்கான இன்டர்வியூவில் "இண்ட் எத்தனை பைட்?" என்று கேட்டார்கள், அதாவது முழு எண்ணை வைக்கும் இண்ட் வகை மெமரியில் எத்தனை பைட் இடம் பிடிக்கும் என்று. "ரெண்டு சார்" என்றேன், பட்டென்று. எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "எந்த மெஷினில்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எங்கள் லேபில் நீல ஸ்க்ரீனில் மஞ்சள் எழுத்தோடு டர்போ சி இருந்தது, அதில் இண்ட் இரண்டு பைட், ரெக்கார்ட் நோட்டிலும் அப்படித்தான் எழுதினோம், பரீட்சையிலும் அதற்குத்தான் மார்க். அது டாஸ் காலத்து 16 பிட் கம்பைலர் (எழுதிய கோடை மெஷின் மொழியாக்குகிற புரோகிராம்) என்பதோ, உங்கள் லேப்டாப்பில் இன்று ஜிசிசி என்ற இலவச கம்பைலர் போட்டால் அதே இண்ட் நான்கு பைட் என்பதோ யாரும் சொல்லவில்லை. சி மொழியின் விதி என்னவென்றால் இண்ட் குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சம் மெஷினைப் பொறுத்தது.

வேலை கிடைத்துவிட்டது (எப்படி என்று இன்றும் தெரியவில்லை), ஆனால் பாடம் முடியவில்லை. ஒரு சின்ன கண்ட்ரோலர் போர்டில் மெஷின் எத்தனை விநாடி ஓடியது என்று எண்ணுகிற கவுண்ட்டரை இண்ட்டில் எழுதினேன். என் கம்ப்யூட்டரில் எத்தனை நேரம் ஓட்டினாலும் சரியாக ஓடியது. போர்டில் ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் வந்து பார்த்தால் மைனஸில் நிற்கிறது. அந்தச் சிப்பில் இண்ட் உண்மையிலேயே இரண்டு பைட், 32767 வரைதான் தாங்கும், அதை விநாடியாக எடுத்தால் 9 மணி 6 நிமிடம். பகலில் நான் எட்டு மணி நேரத்துக்கு மேல் டெஸ்ட் செய்ததே இல்லை. இன்டர்வியூவில் அவர் ஏன் "எந்த மெஷினில்" என்று கேட்டார் என்பது அன்று காலைதான் எனக்கு உறைத்தது.

சரி, இப்போது சோதனைக்கு வருவோம். எந்தப் புத்தகமானாலும், வீடியோவானாலும், நோட்ஸானாலும் முதல் புரோகிராமைப் பாருங்கள். கோனியோ என்று ஒரு ஹெடர் ஃபைல், ஸ்க்ரீனைத் துடைக்க கிளியர்ஸ்க்ரீன் ஃபங்ஷன், கடைசியில் கெட்-சிஎச், மேலே வாய்ட் மெயின், அதாவது எதையும் திருப்பித் தராத மெயின் ஃபங்ஷன். இது முழுக்க டர்போ சி காலத்துச் சரக்கு, சி மொழியின் ஸ்டாண்டர்டில் (அதிகாரப்பூர்வ விதிநூல்) கோனியோ என்று ஒன்று கிடையவே கிடையாது. மெயின் ஃபங்ஷன் இண்ட் திருப்பித் தர வேண்டும் என்பது 1989-இல் வந்த முதல் ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. (ஒரு விதிவிலக்கு: ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லாத மைக்ரோகண்ட்ரோலரில் வாய்ட் மெயின் சரியாக இருக்கலாம், அங்கே திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை. நீங்கள் போகிற துறையில் அதைப் பார்ப்பீர்கள், அப்போது என்னைத் திட்டாதீர்கள்.)

அடுத்து, பெயரை வாங்க கெட்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கெட்ஸுக்கு நீங்கள் கொடுத்த இடம் எவ்வளவு என்று தெரியாது, உள்ளே வருகிறதையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும், இடம் நிறைந்தால் பக்கத்து மெமரியில் எழுதும். 1988 நவம்பரில் இணையத்தையே முடக்கிய மாரிஸ் வார்ம், ஃபிங்கர் என்ற சர்வர் புரோகிராமில் இருந்த இந்தக் கெட்ஸ் ஓட்டை வழியாகவும் உள்ளே புகுந்தது. 2011-இல் வந்த சி11 ஸ்டாண்டர்டில் கெட்ஸைத் தூக்கியே விட்டார்கள். லினக்ஸில் அதைப் போட்டு கம்பைல் செய்து பாருங்கள், பழைய ஜிசிசி என்றால் இந்த ஃபங்ஷன் ஆபத்தானது, பயன்படுத்தாதே என்று லிங்க்கரே எச்சரிக்கும், புதியது என்றால் கம்பைலே ஆகாது. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் இன்று அதைச் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் அவர் தன் பாடத்தை நிஜ கம்பைலரில் ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கடைசிச் சோதனை நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமான ஒன்று. ஐ என்ற வேரியபிளின் மதிப்பு 5. ஒரே பிரிண்ட்எஃப்பில் ஐ பிளஸ் பிளஸ் (பழைய மதிப்பைத் தந்துவிட்டு ஒன்று கூட்டும்), பிளஸ் பிளஸ் ஐ (கூட்டிவிட்டுத் தரும்) இரண்டையும் அச்சிட்டால் என்ன வரும்? கேம்பஸ் ஆப்டிடியூட் தாளில் தவறாமல் வரும், பதிலும் ஏ, பி, சி, டி என்று கொடுத்திருப்பார்கள். வலப்பக்கத்திலிருந்து கணக்கிட்டால் 6 6, இடப்பக்கத்திலிருந்து கணக்கிட்டால் 5 7. எது சரி? இரண்டும் இல்லை. ஒரே வேரியபிளை வரிசை நிர்ணயிக்கப்படாத இரண்டு இடத்தில் மாற்றினால் என்ன நடக்கும் என்று சி ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தரவில்லை. அன்டிஃபைண்ட் பிஹேவியர் என்பார்கள். எந்தப் பதில் வந்தாலும் புகார் சொல்ல முடியாது. இதற்கு ஒரே பதில் என்று போர்டில் எழுதி விளக்குகிற ஆளிடம் சி கற்காதீர்கள், அவர் எத்தனை அன்பாகப் பேசினாலும். அன்டிஃபைண்ட் பிஹேவியர் என்ற வார்த்தையே வராத சி புத்தகம், கரண்ட் என்ற வார்த்தை வராத வயரிங் புத்தகம் மாதிரி.

இதை இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் உண்டு. மற்ற பல மொழிகளில் தப்பு செய்தால் மொழியே கத்தும். பைத்தானில் ஐந்து இடம் உள்ள லிஸ்ட்டில் ஆறாவதைத் தொட்டால் புரோகிராம் நின்றுவிடும். சியில் ஐந்து இடம் உள்ள அர்ரேயில் ஆறாவது இடத்தில் எழுதினால் பல நேரம் ஒன்றும் நடக்காது, அவுட்புட் சரியாகவே வரும், என்றோ ஒருநாள் வேறெங்கோ வெடிக்கும். அதனால் "அவுட்புட் வந்துடுச்சு, அப்போ சரி" என்பது சியில் செல்லாது, நம் காலேஜ் லேபில் கற்றுக்கொடுத்ததோ அது ஒன்றைத்தான். 82 மார்க் வாங்கியும் கை ஓடாததற்கு நீங்கள் காரணம் இல்லை, தப்பு என்று சொல்ல பக்கத்தில் ஆளில்லாமல் படித்திருக்கிறீர்கள்.

அந்த ஆளை இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் உள்ளேயே டபிள்யூஎஸ்எல் மூலம் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் பழசு என்றால் நேராக லினக்ஸே போடுங்கள், அதில் ஜிசிசி. கம்பைல் செய்யும்போது மைனஸ் போட்டு கேப்பிடல் டபிள்யூ, ஒட்டினாற்போல் ஆல். இன்னொரு தடவை அதே மாதிரி டபிள்யூ எக்ஸ்ட்ரா. அப்புறம் மைனஸ் ஜி, மைனஸ் எஃப்சானிட்டைஸ் ஈக்வல் அட்ரஸ் கமா அன்டிஃபைண்ட். தமிழில் எழுதினால் ஏதோ மந்திரம் மாதிரி இருக்கிறது, வேலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலே சொன்ன ஐ பிளஸ் பிளஸ் கேள்வியைக் கொடுத்தால், ஐ மீது செய்யும் இந்த வேலைக்கு வரையறை இல்லாமல் போகலாம் என்று ஜிசிசியே எச்சரிக்கும். ஆறாவது இடத்தில் எழுதிப் பாருங்கள், ஓடும்போதே நிறுத்தி எந்த ஃபைலில் எந்த வரி என்று காட்டிக்கொடுக்கும். எனக்கு இருபது வயதில் இது கிடைத்திருந்தால் எத்தனையோ ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

இப்போது புத்தகம். கெர்னிகன், ரிச்சி இருவரும் எழுதிய தி சி புரோகிராமிங் லாங்வேஜ் (கே அண்ட் ஆர் என்பார்கள்), 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பு. ரிச்சி சியை உருவாக்கியவரே. 300 பக்கம்கூட இல்லை, இந்தியப் பதிப்பு கிடைக்கிறது, பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். படிப்பது சுலபம் என்று சொல்லமாட்டேன், ஒரு வரியில் அடக்கிவிட்டுப் போய்விடுவார்கள், நாம் அந்த வரியிலேயே ஒருநாள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அதன் பயிற்சிகள் தங்கம். முதல் அத்தியாயத்திலேயே ஒன்று வரும்: உள்ளே வருகிற எழுத்துகளை அப்படியே வெளியே அனுப்பு, ஆனால் தொடர்ந்து பல இடைவெளி வந்தால் ஒன்றாக்கிவிடு. பத்துப் பதினைந்து வரிதான். காலேஜில் 82 வாங்கியவர்களுக்கும் முதல் தடவை ஒரு சாயங்காலம் போய்விடும், ஏனென்றால் "இதற்கு முந்தைய எழுத்து என்ன" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே நேரமாகும். அந்தச் சாயங்காலத்தில்தான் நீங்கள் கேட்ட "கை ஓடுவது" வருகிறது, பார்த்தால் வருவதில்லை. விடை நெட்டில் கொட்டிக்கிடக்கிறது, குறைந்தது இரண்டு நாள் முட்டிப் பார்த்த பிறகு பாருங்கள்.

ஐந்தாவது அத்தியாயம் பாயிண்டர், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள். ஒரு எழுத்துச் சரத்தை இன்னொன்றில் நகலெடுக்கிற ஃபங்ஷனை நான்கு தடவை எழுதிக் காட்டுவார்கள், அர்ரேயில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக் கடைசியில் ஒரே வரியில். அந்த நான்கையும் ஒரு பேப்பரில் மெமரியைக் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பாருங்கள். பாயிண்டர் கஷ்டம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் கட்டம் வரைந்து பார்க்காதவர்கள். மெக்கானிக்கல் படித்த உங்களுக்கு டிராயிங் வராதா என்ன?

குறையும் சொல்ல வேண்டும். அந்தப் பதிப்பு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதன் பிறகு 1999, 2011 என்று ஸ்டாண்டர்ட் பல தடவை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. குறிப்பாக எட்டு பிட், பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட் என்று அளவு சொல்லி எண் வகைகளைத் தருகிற ஸ்டடிண்ட் ஹெடர் சி99-இல்தான் வந்தது, எம்படெட் வேலையில் அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது (என் கவுண்ட்டர் கதை ஞாபகம் இருக்கிறதா, அதை வைத்து எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்). ஆகவே கே அண்ட் ஆர் கடினமாக இருந்தால், அல்லது அதில் ஐந்து அத்தியாயம் முடித்த பிறகு, கே. என். கிங் எழுதிய சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச், இரண்டாம் பதிப்பு. 2008-இல் வந்தது, சி99 அதில் உண்டு. தடிமன் தலையணை அளவு, ஆனால் பொறுமையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவர். விலை அதிகம் என்றால் லைப்ரரியில் தேடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் மறுபடி நாற்பது பிடிஎஃப் கதைதான்.

ஆங்கிலப் பயம் பற்றி. நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்தான், அதனால் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. டெக்னிக்கல் ஆங்கிலம் வேறு, ஆங்கிலம் வேறு. கதைப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான வார்த்தை வரும், சி புத்தகத்தில் ஒரு முந்நூறு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு அத்தியாயத்தை ஆமை வேகத்தில் படியுங்கள், புரியாத வார்த்தையை நோட்டில் தமிழில் எழுதிவையுங்கள், மூன்றாவதிலிருந்து நோட்டைத் திறப்பது தானாகக் குறைந்துவிடும். கம்பைலர் சொல்கிற எரர் மெசேஜையும் அந்த நோட்டில் எழுதுங்கள், எது வந்தால் என்ன தப்பு என்று. லினக்ஸ் பக்கம் மட்டும் தமிழிலேயே தொடங்கலாம், கணியம் தளத்தில் எளிய தமிழில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன.

வீடியோ வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று: ஹார்வர்டின் சிஎஸ்50. இலவசம், டேவிட் மாலன் எடுக்கிறார், முதல் வாரம் போக அடுத்த சில வாரம் சியில்தான். அவர் பேச்சு பிரமாதம், ஆனால் நான் சொல்வது பேச்சுக்காக இல்லை, ஒவ்வொரு வாரமும் வருகிற வீட்டுப்பாடத்துக்காக. ஒரு வாரம் கேமரா மெமரி கார்டின் நகல் ஒன்றைக் கொடுத்து அழிந்துபோன 50 ஃபோட்டோவை மீட்டெடு என்பார்கள், 512 பைட் துண்டுகளாகப் படித்து ஜேபெக் ஃபோட்டோவின் ஆரம்பம் எங்கே என்று தேடி எழுத வேண்டும். எம்படெட் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி நான் பார்க்கவில்லை. எழுதியது சரியா என்று அவர்களுடைய செக்கரே சொல்லிவிடும். வீட்டுப்பாடம் செய்யாமல் வீடியோ மட்டும் பார்ப்பதாக இருந்தால் அதற்குப் பதில் ஒரு சினிமா பாருங்கள், குறைந்தபட்சம் பாட்டு இருக்கும்.

சந்தேகத்துக்கு கூகுளில் முதலில் வருகிற தளத்தைத் திறக்காதீர்கள். லினக்ஸில் மேன் 3 என்று அடித்து ஃபங்ஷன் பெயரைப் போட்டால் அதன் கையேடு வரும், நெட்டில் சிபிபிரெஃபரன்ஸ் தளத்தில் சி மொழிக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, எந்த ஃபங்ஷன் எந்த ஸ்டாண்டர்டில் வந்தது, எதில் போனது என்று போட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் வறட்டுத்தனமாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள், வேலையில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். ஏஐயிடம் கேட்கலாமா என்றால், எரர் மெசேஜை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், பயிற்சியை எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அது எழுதிவிடும், நன்றாகவே எழுதும், கை ஓடுவது அதற்குத்தான்.

மூன்று நான்கு மாதம், ஷிஃப்ட் போக தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் பாயிண்டர் வரை வந்துவிடுவீர்கள். அப்புறம் அடுத்தவர் எழுதிய கோடைப் படிக்க வேண்டும், இதைத்தான் யாருமே செய்வதில்லை. ரெடிஸ் என்ற டேட்டாபேஸை எழுதிய சான்ஃபிலிப்போ, கிலோ என்று ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைச் சியில் எழுதி வெளியிட்டிருக்கிறார், ஏறக்குறைய ஆயிரம் வரிதான், ஒரே ஃபைல். ஒரு நாளைக்கு ஐம்பது வரி. புரியாத இடத்தில் பிரிண்ட்எஃப் போட்டுப் பாருங்கள், ஏதாவது உடைத்துப் பாருங்கள்.

போர்டும் அப்போது வாங்கினால் போதும், இப்போதே வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 யாரிடமாவது இரவல் கிடைத்தாலும் சரி, அதில் ரேம் வெறும் 2 கேபி. எத்தனை சின்ன இடத்தில் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது உடனே புரியும். முதல் வேலையாக அதில் இண்ட் எத்தனை பைட் என்று அச்சிடுங்கள். இரண்டு வரும். அதே வரியை லேப்டாப்பிலும் ஓட்டிப் பாருங்கள்.

இன்ஸ்டிடியூட் விஷயம். 45,000 சின்னப் பணம் இல்லை, உங்கள் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சேராதீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லமாட்டேன். சிலருக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் ஓடும், ஹார்டுவேர் லேப் நன்றாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு டெமோ கிளாஸ் கேளுங்கள். எந்தக் கம்பைலர் போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். அப்புறம் கிளாஸ் முடிந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி "சார், இண்ட் எத்தனை பைட்?" என்று கேளுங்கள். "எந்த மெஷினில்?" என்று திருப்பிக் கேட்டால் யோசிக்கலாம். "ரெண்டு" என்றால் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.